நீலமும் ஆரஞ்சும் ஏன் சாம்பலாகின்றன?

அன்புள்ள ஐயா,

அரூப நிலக்காட்சிப் படங்களுக்கு (பொருள் அடையாளம் கரைந்து நிறமும் வடிவமும் மட்டும் நிற்கும் படங்கள்) எதிர் நிறங்களையும், அதாவது நீலம், ஆரஞ்சு போல நிறச் சக்கரத்தில் நேரெதிரே இருக்கும் நிறங்களையும், கோடுகளையும் தேடச் சொல்லி எழுதியிருந்தீர்கள். அதை மனதில் வைத்து மரக்காணம் உப்பளத்தில் விடிகாலையில் முயன்றேன். பாத்தித் தண்ணீர் நீலம், வரப்பில் ஆரஞ்சு வெயில். காட்சி கரைந்து நிறக் கோடுகளாக வரட்டும் என்று, அரை நொடி ஷட்டர் திறந்திருக்கும்போதே கேமராவை மேலிருந்து கீழாக இறக்கினால் படம் முழுக்கச் சேற்றுச் சாம்பல்தான் வருகிறது. சாச்சுரேஷனை (நிறச் செறிவை) கூட்டியும் தேறவில்லை. என்ன தவறு?

அன்புடன்,
ஒரு வாசகர், திண்டிவனம்

அன்புள்ள நண்பருக்கு,

‘மேலிருந்து கீழாக’ என்று எழுதியிருக்கிறீர்களே, தவறு அங்கேதான். எதிர் நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். கலந்தால் இரண்டுமே செத்துவிடும். பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் ஷெவ்ரூல், கறுப்புச் சாயம் சோபிக்கவில்லை என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்து நூலின் நிறம்தான் காரணம் என்று கண்டார். 1839இல் அவர் வெளியிட்ட நூல் இந்தப் பக்கத்து நிற விளைவைப் பற்றியதுதான்.

உங்கள் வரப்புகள் படத்தில் குறுக்காக ஓடுகின்றன. கேமராவை இறக்கும்போது சென்சாரின் ஒரே புள்ளியில் சிறிது நேரம் நீலமும் சிறிது நேரம் ஆரஞ்சும் விழுகின்றன. கூட்டினால் சாம்பல். அதன்பின் சாச்சுரேஷனைக் கூட்டிப் பயனில்லை, கூட்ட நிறமே மிச்சமில்லை.

வரப்பு ஓடும் திசையிலேயே, இடமிருந்து வலமாகத் திருப்புங்கள். ஆரஞ்சின் மேல் ஆரஞ்சே விழும், நீலத்தின் மேல் நீலமே. புல், கால்தடம், உப்புக் கட்டி எல்லாம் கரைந்துபோய்க் கோடு மட்டும் நிற்கும். சாலையோரப் பனைகளை எடுக்கும்போது மட்டும் மேலும் கீழும் அசையுங்கள், அங்கே கோடு நெட்டுக்குத்தாக இருக்கிறது.

ஐஎஸ்ஓ 100, எஃப் 11, ஷட்டர் 1/4 நொடி. சூரியன் எழுந்த சற்று நேரத்தில் இதற்கு, வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. 8 ஃபில்டர் போதும், வெயில் ஏறிவிட்டால் என்.டி. 64 வேண்டும். லென்ஸ் 100 மி.மீ. அளவில் இருக்கட்டும். அகலக் கோண லென்ஸில் பக்கவாட்டு வரப்புகளும் சாய்வாக உள்ளே வந்துவிடும். அவை அசைவின் திசைக்கு ஒத்துப்போகாமல் கலங்கும்.

பலரும் சறுக்குவது டிரைபாடில். கேமரா மட்டத்தில் இருந்தால் போதாது, அது திரும்புகிற அடித்தளமும் மட்டத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தொடக்கத்தில் நேராக இருக்கும் கோடு முடிவில் சரிந்து, வரப்பின் விளிம்பு மறுபடியும் சாம்பலாகும். திருப்பலின் இரு முனைகளிலும் மட்டக்குமிழைப் பாருங்கள். கேமரா கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால், அதிகம் திருப்பினால் கோடு வில்லாக வளையும். பத்து டிகிரிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அசைவைத் தொடங்கிய பிறகே ஷட்டரை அழுத்துங்கள். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள், அது உங்கள் அசைவையே எதிர்த்து இழுக்கும்.

நிற்கும் திசையும் முக்கியம். சூரியனைப் பார்த்து நின்றால் தண்ணீரிலும் ஆரஞ்சு வானம்தான் தெரியும், வரப்பு கறுத்துவிடும். முதுகில் வெயில் படும்படி மேற்கே பார்த்து நில்லுங்கள். வரப்பு வெயிலை வாங்கும், தண்ணீர் மேற்கு வானத்தின் நீலத்தை வாங்கும். பாத்தியின் நீலம் முழுக்கப் பிரதிபலிப்பு என்பதால் போலரைசர் போடாதீர்கள். அது பிரதிபலிப்பைத் துடைத்துவிட்டால் அடிமண்தான் தெரியும். ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால் கேமரா ஆரஞ்சைக் குறை என்று நினைத்துத் திருத்தப் பார்க்கும். 5500 கெல்வினில் நிறுத்தி, ரா ஃபைலாக (கேமரா திருத்தாத மூலப் பதிவாக) எடுங்கள்.

படத்தில் இரண்டு நிறமும் பாதிக்குப் பாதி வேண்டாம். ஜெர்மன் கவிஞர் கதேயின் பெயரில் சொல்லப்படும் நிற ஒளி மதிப்பில் ஆரஞ்சுக்கு 8, நீலத்துக்கு 4. ஆகவே பரப்பில் ஆரஞ்சு ஒரு பங்கு, நீலம் இரு பங்கு என்றால் எடை சமமாகும். என் ரசனைக்கு இந்தக் காட்சியில் ஆரஞ்சு இன்னும் குறையலாம். நாலு பாத்திக்கு நடுவே ஒரே ஒரு மெல்லிய வரப்பு என்றால் கண் அதை விட்டு நகராது.

கணினியில் முதலில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். கோடு மறைந்துவிட்டால் இரண்டு நிறமும் ஒரே வெளிச்சத்தில் இருக்கின்றன என்று பொருள். நீலத்தின் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் இறக்குங்கள். அச்சுக்குப் போவதாக இருந்தால் 16 பிட் டிஃப் ஃபைலாகச் சேமியுங்கள். ஜேபெக்கில் இந்த வழுவழுப்பான நீலம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும்.