மகனை லண்டனுக்கு அனுப்புவதா என்று கேட்ட அக்காவுக்கு

அக்கா, வெள்ளவத்தையிலிருந்து நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு தரம் கேட்டேன். தம்பி மருத்துவபீடத்தில் இறுதி வருடம், சத்திரசிகிச்சை நிபுணராக வேண்டும் என்கிறான். நீங்களோ பிளாப் பரீட்சை எழுதி லண்டனுக்குப் போனால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நினைக்கிறீர்கள்.

நடக்காது. பிளாப் அங்கே வைத்தியராகப் பதிவதற்கான ஒரு வழி, அவ்வளவுதான். முதல் பகுதியைக் கொழும்பிலேயே எழுதலாம், இரண்டாவதுக்கு மான்செஸ்டர் போகவேண்டும், இரண்டும் பாஸானாலும் சத்திரசிகிச்சைப் பயிற்சிக்கு வேறொரு போட்டி இருக்கிறது, அதில் இடம் கிடைக்காமல் பயிற்சியில் சேராத வார்ட் வேலைகளிலேயே வருடங்களைக் கழிக்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இங்கே இலங்கையில் பாதை நீளம், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற பாதை. இன்டர்ன் முடித்து, பிஜிஐஎம் என்கிற பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் தெரிவுப் பரீட்சை எழுதி, அரசாங்கச் சம்பளத்தோடு ரெஜிஸ்ட்ராராக, அதாவது பயிற்சி பெறும் வைத்தியராக நின்று, எம்.டி. என்கிற மேற்பட்டம் எடுக்கவேண்டும். அப்புறம் வெளிநாட்டுப் பயிற்சியும் அந்தப் பாதைக்குள்ளேயே வருகிறது. ஆகவே லண்டன் ஆசை வீண்போகாது அக்கா, கொஞ்சம் பிந்தும்.

இன்னொன்று. ஸ்கேன் மெஷின் பழுதான இரவில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தே வெட்டுவதா காத்திருப்பதா என்று முடிவெடுக்க, அந்த நிலைமையில் வேலை செய்கிறவரின் பக்கத்தில் நின்றுதான் பழகவேண்டும். உள்ளூரிலேயே பயில்வதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆபிரிக்காவின் கிழக்கு, மத்திய, தெற்குப் பகுதி நாடுகள் 1999இல் சேர்ந்து கொசெக்சா என்றொரு சத்திரசிகிச்சைக் கல்லூரி தொடங்கின. தனி வளாகம் இல்லை, உள்ளூர் ஆஸ்பத்திரிகளே வகுப்பறை. அந்தக் கல்லூரிக்கு முன்பிருந்தவர்களையும் சேர்த்து, அந்தப் பிராந்தியத்தில் 1974 முதல் 2013 வரை பயின்று வெளிவந்த சத்திரசிகிச்சை நிபுணர்களை ஓர் ஆய்வில் தேடிப் பார்த்தபோது நூற்றுக்கு 85 பேரளவில் தாம் பயின்ற நாட்டிலேயே இருந்தார்கள். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. முப்பது வயதுக்குள் வீடு, கல்யாணம், கற்றுத்தந்த சேர், தன்னை நம்பி வரும் நோயாளி எல்லாம் ஓர் ஊரில் அமைந்தபிறகு யார் இலேசில் பெட்டி கட்டுவார்?

கஷ்டத்தையும் சொல்கிறேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சம்பளம் எவ்வளவு தேய்ந்தது என்று உங்களுக்கே தெரியும். முதல் நியமனம் கொழும்பில் கிடைக்கும் என்று எண்ணவேண்டாம். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகுமுன் பொண்ட் என்கிற ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவேண்டும், திரும்பி வராவிட்டால் காசு கட்டவேண்டும். அதை வாசிக்காமல் தம்பியைக் கையெழுத்து வைக்க விடாதீர்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை: சர்ஜிக்கல் வார்ட் முறை வரும்போது ஒரு முழு இரவு ரெஜிஸ்ட்ராரோடு ஒப்பரேஷன் தியேட்டரில் நிற்கச் சொல்லுங்கள். அடுத்த நாள் தூங்கி எழும்பிய பிறகு எனக்குக் கோல் எடுக்கட்டும், நீங்கள் இல்லாமல், அவன் மட்டும்.