எஸ்பிரெசோ மெஷின் சத்தம்: கேள்வி-பதில்

வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. வாரன்டி முடிந்துவிட்டது. புதிதில் இவ்வளவு சத்தம் இல்லை. காலை 5.30-க்கு மெஷினைப் போட்டால் பக்கத்து ஃபிளாட்காரர் சண்டைக்கு வருகிறார்.
– வேளச்சேரி வாசகர்

பிறகு வந்த சத்தம் என்றால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது வைப்ரேஷன் பம்ப். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் பிஸ்டன் நொடிக்கு 50 தடவை அடிக்கிறது. அந்த அதிர்வைத் தகரமும் மேடையும் வாங்கிப் பெரிதாக்கிவிடுகின்றன.

மெஷின் ஓடும்போது டிரிப் டிரே (சொட்டும் தண்ணீர் விழும் தட்டு), மேலே அடுக்கிய கப்புகள், டேங்க் மூடி என்று ஒவ்வொன்றாகக் கையால் அழுத்துங்கள். எதை அழுத்தினால் சத்தம் மாறுகிறதோ அதுதான் ஆடுகிறது. டிரே மூலைகளில் 2 மி.மீ. ரப்பர் துண்டு ஒட்டினால் போதும். மெஷின் சுவரைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி இருக்கட்டும். கிரானைட் மேடையில் நேராக வைக்காமல், வாஷிங் மெஷினுக்குப் போடும் கெட்டி ரப்பர் பேடை அடியில் வையுங்கள். ஆன்லைனில் விற்கும் முக்கோண முள் ஸ்பாஞ்ச் ஷீட் வேண்டாம். நான் வாங்கியதும் வீண்தான். அது அறையின் எதிரொலியைக் குறைக்கும். மேடை வழியாகச் சுவருக்குப் போகும் அதிர்வை நிறுத்தாது. பாய்லருக்குப் பக்கத்தில் உள்ளே ஒட்டினால் ஆபத்தும்கூட.

இவ்வளவுக்கும் அடங்கவில்லையா? பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு மெக்கானிக்கைத் திறக்கச் சொல்லுங்கள். பம்பைத் தாங்கும் ரப்பர்கள் சூட்டில் இறுகி வெடித்திருக்கும். பம்ப் நேராகத் தகரத்தில் மோதும். ரப்பரை மட்டும் மாற்றினால் போதும், புது பம்ப் தேவையில்லை. டியூப் எங்காவது தகரத்தில் உரசுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

டேங்க்கில் தண்ணீர் இல்லாமல் இரண்டு மூன்று தடவை ஓடிவிட்டது. இப்போது கடகடவென்கிறது, தண்ணீரும் சரியாக வரவில்லை.
– கோவை வாசகர்

ஒரு தடவை என்றால் மறதி. மூன்று தடவை என்றால் அலட்சியம். பம்ப் காற்றை இழுத்துவிட்டது. டேங்க்கை நிரப்பி, வெந்நீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக வரும் வரை ஓடவிடுங்கள். 20 நொடியில் வரவில்லை என்றால் நிறுத்தி, ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி. டேங்க் அடியிலுள்ள சல்லடையையும் கழுவுங்கள்.

15 பார், 20 பார் – எது சத்தம் குறைவு?
– மதுரை வாசகர்

பார் என்பது அழுத்தத்தின் அலகு. இந்த எண்ணை வைத்துச் சத்தத்தைக் கணிக்கவே முடியாது. பம்பின் வாயை முழுக்க அடைத்தால் எட்டும் உச்ச அழுத்தம் அது. எஸ்பிரெசோவுக்கு வேண்டியது 9 பார் அளவுதான். நல்ல மெஷினில் மிச்ச அழுத்தத்தை ஒரு வால்வு டேங்க்குக்கே திருப்பி அனுப்பிவிடும். பயன்படாத எண்ணைப் பெட்டி முழுக்கப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். தினமும் காதில் விழப்போகும் சத்தத்துக்கு ஒரு வரி கிடையாது. கேட்டால் விற்பவருக்கே தெரியாது. வாங்குகிறவர்களும் விடாமல் 'எத்தனை பார்' என்றே கேட்கிறார்கள். கடையில் தண்ணீர் ஊற்றி, காபித்தூள் போட்டு ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். உண்மையிலேயே அமைதி வேண்டுமென்றால், அடித்துத் தள்ளாமல் சுழன்று தள்ளும் ரோட்டரி பம்ப் உள்ள மெஷின். விலை பெரும்பாலும் லட்சத்துக்கு மேல்.

அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த 120 வோல்ட் மெஷின், டிரான்ஸ்ஃபார்மர் போட்டும் ஒரு மாதிரி சத்தம்.
– திருச்சி வாசகர்

டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸைத் தராது. அதற்கென்று செய்த பம்ப் இங்கே 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால் சத்தம் மாறுகிறது.

பால் நுரைக்கும்போது காது கிழியும் கீச்சொலி.
– சேலம் வாசகர்

ஸ்டீம் குழாயின் நுனி ஆழத்தில் இருக்கிறது. பாலுக்குள் காற்றே போகவில்லை. நுனியைப் பாலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வைத்துத் தொடங்குங்கள். 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம் வந்தால் சரி. அப்போதும் கீச்சிட்டால் நுனித் துளையில் பால் காய்ந்து அடைத்திருக்கும். ஊசியால் குத்தி எடுங்கள்.

ஆன்லைனில் வாங்கினேன். முதல் நாளிலிருந்தே உள்ளே இரும்பு தட்டும் சத்தம். "எல்லாம் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லித் திரும்ப எடுக்க மறுக்கிறார்கள்.
– தஞ்சாவூர் வாசகர்

உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. பம்ப் 'உர்ர்' என்று ஒரே சீராக உறுமலாம்; இரும்பு தட்டக்கூடாது. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளே சொல்கின்றன. சீரியல் நம்பர் ஸ்டிக்கரும் சத்தமும் ஒரே வீடியோவில் வரும்படி எடுங்கள். ஃபோனில் பேசாமல், விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றதற்கு ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். அதுவரை மெஷினை நீங்களோ தெருக்கடை மெக்கானிக்கோ திறக்காதீர்கள், பில்லையும் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள்.