சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் ஊர் எல்லைக்குள் எத்தனை பேர்? சென்சஸ் பகுதிகளை எப்படிப் பொருத்துவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் தமிழ் வகுப்பு தொடங்க இடம் பார்க்கிறீர்கள், சென்சஸ் பகுதிகள் ஊர் எல்லையோடு ஒத்துப்போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கேதான் வரைபட வேலை பார்க்கிறேன். நல்ல காரியம், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், வார்டு எல்லையை விட்டுவிடுங்கள். உள்ளாட்சித் தேர்தல் வரும்போதெல்லாம் அந்தக் கோடு மாறும். 2011 சென்சஸில் ஊர் அளவில் ‘மெயின் பிளேஸ்’, அதற்குள் பேட்டை அளவில் ‘சப் பிளேஸ்’, அதற்கும் கீழே இன்னும் சின்னத் துண்டாக ‘ஸ்மால் ஏரியா’ என்று அடுக்கு இருக்கிறது. சாட்ஸ்வொர்த் ஒரு மெயின் பிளேஸ். முழு ஊரும் போதுமென்றால் 1,96,580 பேர் என்று நேரே எடுத்துக்கொள்ளலாம், வெட்டி ஒட்டும் வேலையே இல்லை.

பெயரை மட்டும் வைத்துப் பொருத்தாதீர்கள். காந்தி 1904இல் அமைத்த பீனிக்ஸ் குடியிருப்பு இன்றைய பீனிக்ஸ் ஊருக்குள் இல்லை, இனாண்டா பக்கம் பாம்பாயியில் இருக்கிறது.

உண்மையான தலைவலி, உங்கள் எல்லைக் கோடு ஒரு ஸ்மால் ஏரியாவின் நடுவே போகும்போதுதான். பரப்பளவைப் பார்த்துப் பங்கு போடச் சொல்வார்கள்: பாதி நிலம் உள்ளே இருந்தால் பாதி ஆட்கள். சாட்ஸ்வொர்த்தில் அது எடுபடாது. உம்லாட்டுசானா, உம்லாஸ் என இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கும் ஊர். மேட்டில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும், ஆற்றுச் சரிவில் வெறும் புதர். சில்வர்கிளென் காப்புக்காட்டுப் பக்கம் கோடு போட்டுப் பாருங்கள்: பரப்பளவுக் கணக்கு மரங்களுக்கு நடுவே ஆட்களைக் குடிவைத்துவிடும்.

அதனால் வீட்டை எண்ணுங்கள். செயற்கைக்கோள் படங்களிலிருந்து கட்டடங்களைக் குறித்து வைத்திருக்கும் கூகுள் ஓப்பன் பில்டிங்ஸ் தரவு இலவசம். கட்டடங்களின் மையப்புள்ளிகளைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, ஒவ்வொரு ஸ்மால் ஏரியாவிலும் கோட்டுக்கு உள்ளே எத்தனை, மொத்தம் எத்தனை என்று பாருங்கள். அந்த விகிதத்தில் ஆட்களைப் பிரியுங்கள். கடை, பள்ளிக்கூடம், பெரிய கிடங்கு எல்லாவற்றையும் கையால் நீக்கிவிடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் கணக்கு அங்கேதான் தேறும். பரப்பளவு பார்க்கவே வேண்டியிருந்தால் மீட்டரில் அளக்கும் யூடிஎம் 36 தெற்கு என்ற வரைபட அமைப்புக்கு மாற்றிய பிறகு பாருங்கள், டிகிரியில் பார்த்தால் எண் உதவாது.

புதிய 2022 சென்சஸை ஏன் எடுக்கவில்லை என்றால், அதில் சுமார் 31 சதவீதம் பேர் விடுபட்டதாக அதன் சரிபார்ப்பு ஆய்வே சொன்னது. திருத்திய எண்களைத்தான் வெளியிட்டார்கள், என்றாலும் தெரு அளவுக்கு இறங்கி அவற்றை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. வீட்டில் பேசும் மொழிக்கான பட்டியலில் தமிழுக்குத் தனி வரி கிடையாது, ‘மற்றவை’யில் போய்விடும். ‘இந்தியர் அல்லது ஆசியர்’ என்ற பிரிவில் தெலுங்கு, இந்தி, குஜராத்திக் குடும்பங்களும் சேர்ந்தே இருக்கும். ஆகவே சென்சஸை வைத்து எந்தப் பகுதி என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். பிள்ளைகளை அனுப்பத் தயாரான வீடுகளின் பட்டியலுக்குக் காவடி சமயத்தில் கோயில் வாசலில் ஒரு நோட்டு வையுங்கள்.