கிறுக்கினால் கிறுக்கா?

கேள்வி: எனக்கு வயது 52. கணக்குப் பிரிவில் வேலை. போனில் பேசும்போதும் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போதும் கை தானாக எதையாவது கிறுக்கிக்கொண்டே இருக்கிறது. பள்ளியில் இதற்காகத் திட்டு வாங்கி விட்ட பழக்கம், இப்போது திரும்ப வந்திருக்கிறது. கவனக்குறைவு நோயாக இருக்குமோ என்கிறாள் மகள். தோழிகள் சிலர் வாரம் ஒருநாள் சேர்ந்து வரைகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். எனக்கு ஒரு பூனைகூட ஒழுங்காக வராது. போகலாமா டாக்டர்?

பதில்: தாராளமாகப் போங்கள். ‘கிறுக்கு’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் இருப்பதால் வந்த பயம் இது என்று நினைக்கிறேன்.

கிறுக்குவது மட்டுமே கவனக்குறைவுக்கு அடையாளம் ஆகாது. இங்கிலாந்து உளவியலாளர் ஜாக்கி ஆன்ட்ரேட் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 40 பேருக்குச் சலிப்பூட்டும் ஒரு போன் செய்தியைப் போட்டுக் காட்டினார். பாதிப் பேர் கேட்டபடியே, தாளில் அச்சிட்டிருந்த கட்டங்களையும் வட்டங்களையும் பென்சிலால் நிரப்பினார்கள். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஞாபகப் பரீட்சை. நிரப்பியவர்களுக்கு 29 சதவீதம் கூடுதலாக நினைவிருந்தது. கைக்குச் சின்ன வேலை இருந்தால் மனம் பகல்கனவுக்குள் ஓடிவிடாது என்பது அவர் கருத்து. சின்ன ஆய்வுதான், ஆனாலும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தப் பூனை. 2016-இல் அமெரிக்காவில் 39 பேரை 45 நிமிடம் களிமண், மார்க்கர், வெட்டி ஒட்டும் காகிதம் என்று விருப்பப்படி எதையாவது செய்யவிட்டு, எச்சிலில் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் இல்லை. ஒன்றும் வரையாமல் சும்மா உட்கார்ந்த குழு ஒன்றை ஒப்பிடவில்லை என்பது அதன் குறை. ஆகவே இதை மருந்துச் சீட்டில் எழுத மாட்டேன். ஆனால் தடுக்கவும் மாட்டேன்.

சேர்ந்து வரைவதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. லண்டனில் டொனால்ட் வின்னிகாட் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். தன்னிடம் வரும் குழந்தைகளோடு அவர் ஒரு விளையாட்டு விளையாடுவார்: கண்ணை மூடிக்கொண்டு தாளில் ஒரு கோணல் கோடு போட்டுத் தருவார், குழந்தை அதை ஏதாவது ஓர் உருவமாக்க வேண்டும். அடுத்துக் குழந்தை கோடு போடும், டாக்டர் உருவமாக்குவார். கோடு யாருடையது, படம் யாருடையது என்று பிரிக்கவே முடியாது. அதனால் ‘நல்லா வரலையே’ என்று யாரைக் குறை சொல்வது? தோழிகளோடு இதையே ஆடிப் பாருங்கள். நீங்கள் வாலை மட்டும் போடுங்கள், மிச்சப் பூனையைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும்.

எப்போது என்னைப் போன்றவர்களிடம் வர வேண்டும்? எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போனால், கை புதிதாக நடுங்கினால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பார்க்கின்சன் நோய் இப்படியும் தொடங்கும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கு வரைவது மட்டும் போதாது.

மற்றபடி, கட்டைவிரல் வலிக்காமல் இருக்கத் தடித்த மார்க்கராக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அழிரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.