நைஸ் என்றால் எப்போதும் 'நல்ல' இல்லை

'எ நைஸ் டிஸ்டிங்ஷன்' என்பதை 'நல்ல வேறுபாடு' என்று மொழிபெயர்த்தேன், ஆசிரியர் அடித்துவிட்டார் என்று கேட்டிருந்தீர்கள். அவர் அடித்தது சரிதான். அங்கே நைஸ் என்றால் மயிரிழை அளவு நுட்பமான என்று பொருள். 'நுண்ணிய வேறுபாடு' என்று போடுங்கள்.

நைஸின் மூலச்சொல் லத்தீன் 'நெஸ்கியஸ்', அதாவது ஒன்றும் அறியாத. அறிதலைக் குறிக்கும் அதே வேரிலிருந்துதான் சயின்ஸும் வந்தது, வேடிக்கை! பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது ஒருவரை நைஸ் என்றால் முட்டாள் என்று திட்டுவது. அப்புறம் தொட்டாற்சிணுங்கி, எதிலும் நொட்டைசொல் சொல்பவர், 16ஆம் நூற்றாண்டில் துல்லியமான என்று நகர்ந்தது. 'இனிமையான' என்பது 18ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம்.

'மாவை நைஸா அரை' என்கிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.