பாட்டியின் படி எத்தனை லிட்டர்?

அன்புள்ள ஐயா,

பரணை ஒழித்தபோது பாட்டியின் பித்தளைப் படி கிடைத்தது. "இது எத்தனை லிட்டர்?" என்று மகன் கேட்டான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சாண், முழம், படி, மரக்கால் என்று உடம்போடும் வயலோடும் ஒட்டியிருந்த அளவுகளை ஒழித்துவிட்டு மீட்டரையும் கிலோவையும் வெள்ளைக்காரன் நம் தலையில் கட்டிவிட்டான் என்பது என் ஆதங்கம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க., மன்னார்குடி

அன்புள்ள க.,

முதலில் வெள்ளைக்காரனை விட்டுவிடுங்கள், இந்த ஒரு விஷயத்தில் அவன் நிரபராதி. அவன் கொண்டுவந்தது அடி, கஜம், பவுண்டு. மெட்ரிக் அளவுக்கான சட்டத்தை 1956இல் போட்டது நம் நாடாளுமன்றம்தான். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது, அடுத்த வருஷம் அக்டோபரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிலோ. இங்கிலாந்தில் இன்றைக்கும் சாலைப் பலகையில் மைல்தான்.

மகனுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் போனதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. எந்த ஊர்ப் படி என்று தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது. ஊர் மட்டும் தெரிந்தாலும் போதாது, யார் கையில் இருந்த படி என்றும் தெரியவேண்டும். சின்ன வயதில் எங்கள் ஊர்க் களத்தில் நான் பார்த்தது: குத்தகை நெல்லை வாங்கும்போது மரக்கால் கோபுரமாகக் குவியும், அதே களத்தில் சாயங்காலம் கூலி அளக்கும்போது படியைத் தலைதட்டுவார்கள், அளப்பவரின் கட்டைவிரல் வேறு படிக்குள் இருக்கும். விரல் அளவு நெல் ஒவ்வொரு படிக்கும் மிச்சம். எதிரே துண்டை விரித்து நிற்பவருக்கும் அது தெரியும், ஆனால் கேட்க முடியாது.

மீட்டர் பிறந்த கதையும் இதே களத்தில்தான் ஆரம்பிக்கிறது, என்ன, அது பிரான்ஸில். புரட்சிக்கு முன்பு அங்கே இரண்டரை லட்சம் வெவ்வேறு அளவுகள் புழங்கின என்று மதிப்பிடுகிறார்கள். பெயர் ஒன்றாக இருக்கும், பாத்திரம் ஊருக்கு ஊர் வேறாக இருக்கும். 1789இல் மன்னர் குறைகளை எழுதி அனுப்பச் சொன்னபோது ஊர் ஊராக வந்த மனுக்களில் இது திரும்பத் திரும்ப வந்தது: ஒரே எடை, ஒரே அளவு வேண்டும், பண்ணையார் தன் மரக்காலை வைத்து எங்களை ஏமாற்றுகிறார்.

சரி, பாரிஸ் அளவையே நாடு முழுக்க வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். விஞ்ஞானிகள் விடவில்லை. எந்த ராஜாவின் காலும் கையும் வேண்டாம், எல்லோருக்கும் பொதுவான பூமியையே அளப்போம் என்றார்கள். வடதுருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர். அந்தத் தூரத்தில் ஒரு துண்டை அளந்து மீதியைக் கணக்குப் போட 1792இல் இரண்டு வானியலாளர்கள் கிளம்பினார்கள், தெலாம்பர் வடக்கே டன்கிர்க் பக்கம், மெஷேன் தெற்கே பார்சிலோனா பக்கம். தெலாம்பர் பாரிஸைத் தாண்டுவதற்குள்ளேயே கூட்டம் வளைத்துக்கொண்டது. கையில் இருந்தது ராஜா கொடுத்த அனுமதிக் கடிதம், ராஜாவோ அதற்குள் சிறையில்! கருவிகளையெல்லாம் தெருவில் பரப்பிவைத்து, நான் உளவாளி இல்லை, பூமியை அளக்கிறேன் என்று விளக்கவேண்டியதாயிற்று அந்த மனிதருக்கு.

மெஷேனின் பாடு இன்னும் மோசம். பார்சிலோனாவில் அட்சரேகையை அளந்து முடித்தபின் ஸ்பெயினோடு போர் மூண்டு அங்கேயே மாட்டிக்கொண்டார். சும்மா இருக்கப் பிடிக்காமல் தங்கியிருந்த விடுதியிலிருந்து மறுபடி அளந்தார். இரண்டு கணக்கும் ஒத்துவரவில்லை. வித்தியாசம் கோணத்தில் மூன்று விநாடி சொச்சம், தரையில் சுமார் நூறு மீட்டர். யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டு வருஷக்கணக்கில் அதிலேயே புழுங்கினார், 1804இல் மறுபடியும் ஸ்பெயினில் அளந்துகொண்டிருந்தபோது காய்ச்சலில் இறந்தார். அவர் காகிதங்களைப் பிரித்த பிறகுதான் தெலாம்பருக்கு விஷயமே தெரிந்தது. நம் மீட்டர், சொன்ன இலக்கணத்துக்கு 0.2 மில்லிமீட்டர் குறைவுதான், ஆனால் அதற்கு முக்கியக் காரணம் மெஷேன் இல்லை. பூமி அவர்கள் கணக்குப் போட்டமாதிரி ஒழுங்கான உருண்டையாக இல்லை, அவ்வளவுதான். பாவம், அது தெரியாமலேயே போய்விட்டார்.

இத்தனைக்கும் பிறகு கேட்ட குடியானவர்களுக்கே அது பிடிக்கவில்லை. வாயில் நுழையாத கிரேக்கப் பெயர்கள், எல்லாமே பத்தால் பெருக்குவது. 1812இல் நெப்போலியனே பழைய பெயர்களைக் கடைத்தெருவுக்குத் திரும்பக் கொண்டுவந்தார், 1840இல்தான் மெட்ரிக் மட்டும் என்று கட்டாயமானது. நம் கதையும் அப்படித்தானே? 1956 சட்டத்துக்குப் பிறகும் நகையைச் சவரனில் வாங்குகிறோம், வீட்டைச் சதுர அடியில், மல்லிகையை முழத்தில். பூக்காரம்மாவின் முழங்கை மடங்குகிற கோணத்தைப் பார்த்துக்கொண்டே பேரம் பேசுவது எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே நஷ்டம் இரண்டு பூ. நெற்களத்தில் நஷ்டம் இரண்டு வேளைச் சோறு.

இன்னொன்று, பொது அளவு என்கிற யோசனை நமக்கு இறக்குமதியும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லுக்கு 'ஆடவல்லான்' மரக்கால், பொன்னுக்கு 'ஆடவல்லான்' எடைக்கல் என்று பெயர் சொல்லித்தான் கணக்கு எழுதியிருக்கிறது. நிலமளந்த கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே வெட்டிவைத்த ஊர்களும் உண்டு, சந்தேகம் வந்தவன் தன் கோலைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பாரிஸில் வோஜிரார் தெருச் சுவரில் புரட்சிக்காரர்கள் பதித்த பளிங்கு மீட்டர் இன்னும் இருக்கிறது, அதுவும் வேறெதற்கும் இல்லை, இதற்குத்தான்.

உங்கள் படிக்கு வருகிறேன். லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து விளிம்பு வரை ஊற்றி, எவ்வளவு கொள்கிறது என்று மகனையே அளக்கச் சொல்லுங்கள். அரிசி வேண்டாம், பாட்டி வீட்டுப் பழக்கத்தில் குவித்துவிடுவீர்கள். எவ்வளவு வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.