ஃபிலே கோவில்: கரையில் பேசி முடிக்க வேண்டியவை

கேள்வி: 68 வயது அம்மாவுடன் எகிப்து போகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அஸ்வானில் ஃபிலே கோவிலுக்கு டிக்கெட் வாங்கினால் படகுக்கும் சேர்த்துத்தானா? ஏஜென்ட் பிடிக்கலாமா?

பதில்: படகு தனி. கோவில் இருப்பது தீவில், பாலம் கிடையாது. அணைத் தண்ணீரில் பல காலம் மூழ்கிக் கிடந்த இந்த ஐசிஸ் (பழைய எகிப்தின் பெண் தெய்வம்) கோவிலைக் கல் கல்லாகப் பிரித்து, பக்கத்தில் உயரமாக இருந்த அகில்கியா தீவில் கட்டி, 1980-இல் திறந்தார்கள். ஷெல்லால் படகுத்துறையில் கோவில் டிக்கெட் வாங்கிவிட்டு, படகுக்காரரிடம் நீங்களேதான் பேரம் பேச வேண்டும். ஒரே கவுன்டரில் இரண்டையும் விற்க என்ன தடை? இத்தனை வருடமாகப் பயணிகளை இப்படி அலைக்கழிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஏஜென்ட் வேண்டாம். "படகை நானே பேசித் தருகிறேன்" என்று டாக்சிக்காரர் சொன்னாலும் வேண்டாம். அவர் கமிஷனும் உங்கள் தலையில்தான் விழும். கரையில் நின்றே நான்கு விஷயம் முடிவாகட்டும்: தொகை முழுப் படகுக்கா, தலைக்கா, போக வரச் சேர்த்தா, எத்தனை மணி நேரம் காத்திருப்பார், எந்தப் பணம். "பவுண்டு" என்று பேசிவிட்டு, திரும்பி வந்ததும் "இங்கிலாந்து பவுண்டு" என்பார்கள். எகிப்திய பவுண்டு என்று போனில் எழுதிக் காட்டுங்கள். பணம் திரும்பிக் கரையேறிய பிறகுதான். படகை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத் துறையில் எல்லாப் படகும் ஒன்றுபோலவே தெரியும்.

இரவு ஒலி-ஒளிக் காட்சிக்கு மட்டும் கணக்கு வேறு. பகல் டிக்கெட் செல்லாது, படகும் புதிதாகப் பேச வேண்டும். பகலில் அழைத்துப்போனவர் இரவுக்கும் சேர்த்து முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இருட்டில் சிற்பம் ஒழுங்காகத் தெரியாது, மேடுபள்ளம் அம்மாவுக்கும் ஆகாது. இரவுக் காட்சி பார்த்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

காலை வெயிலுக்கு முன் போங்கள். இரண்டு மணி நேரமாவது வேண்டும், படகுக்காரர் அவசரப்படுத்தினாலும் அசையாதீர்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அம்மாவைக் கைபிடித்துக்கொள்ளுங்கள், படகு ஆடும். மேற்குப் பக்கம் ரோமப் பேரரசர் ஹேட்ரியன் பெயரிலுள்ள வாசலைத் தவறவிடாதீர்கள். நமக்குத் தெரிந்த கடைசி எகிப்திய சித்திர எழுத்துக் கல்வெட்டு, கி.பி. 394-ஆம் ஆண்டினுடையது, அங்கேதான் இருக்கிறது. அதைக் காட்டுகிறேன் என்று காவலாளி கூப்பிட்டால் இனாம், அதாவது பக்‌ஷீஷ் கேட்பார். வேண்டாமென்று சொல்லிவிட்டு நீங்களே பார்க்கலாம்.